பதவிக்கு முன் வேலை: டெக்னிக்கல் ஆள் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆவது எப்படி

கோடு எழுதியோ, டெஸ்டிங் செய்தோ, சர்வரையும் டேட்டாபேஸையும் பராமரித்தோ நான்கைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டு, அடுத்து ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகலாமா என்று யோசிப்பவருக்கான அத்தியாயம் இது. சென்னையிலும் கோவையிலும் இருக்கும் ஐடி சேவை நிறுவனங்களின் நடைமுறையை வைத்தே எழுதியிருக்கிறேன். ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கும் பொறியாளருக்கும் பெரும்பகுதி பொருந்தும். வார்த்தைகள்தான் கொஞ்சம் மாறும்.

பலரும் போகிற வரிசை இது: முதலில் ஒரு சான்றிதழ், பிறகு ரெஸ்யூமேயில் திருத்தம், பிறகு நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் விண்ணப்பம், வேலை கிடைத்த பின் அந்த வேலையைக் கற்றுக்கொள்வது. இந்த வரிசை பெரும்பாலும் விண்ணப்பத்தோடு நின்றுவிடும். மேனேஜர் வேலைக்கு ஆள் எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இதுவரை எதை நடத்தியிருக்கீங்க?" என்பதுதான். அதற்குப் பதில் வைத்திருப்பவருக்குச் சான்றிதழ் கூடுதல் பலம். பதில் இல்லாதவருக்கு அது வெறும் தாள். ஆகவே இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். இப்போது இருக்கும் வேலையிலேயே மேனேஜர் வேலையின் துண்டுகளைச் செய்யத் தொடங்குவது முதலில், சான்றிதழ் பின்னால், பதவிப் பெயர் கடைசியில்.

இறங்கும் முன் ஒரு சோதனை

ஒரு வாரம் உங்கள் மேனேஜரின் நாளைக் கவனியுங்கள். காலையில் க்ளையன்ட் அழைப்பு, நடுவில் ஆள் கேட்டு இன்னொரு டீமோடு இழுபறி, மதியம் பில்லிங் விஷயமாக ஃபைனான்ஸுக்கு மின்னஞ்சல், மாலை ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், அமெரிக்கா விழித்த பிறகு இன்னொரு அழைப்பு. 'இது நான் செய்தது' என்று எடுத்துக்காட்ட நாள் முடிவில் கையில் ஒன்றும் இருக்காது. இது உங்களுக்குச் சலிப்பாகத் தெரிந்தால் தவறே இல்லை. தொந்தரவில்லாத நான்கு மணி நேரமும் கடினமான ஒரு பிழையும் கிடைத்தால்தான் நாள் நன்றாகப் போனது என்று நினைப்பவர் ஆர்க்கிடெக்ட் பாதையில் போகட்டும். ப்ராடக்ட் நிறுவனங்களிலும், பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் ஜிசிசி மையங்களிலும் அந்தப் பாதைக்கும் நல்ல உயரம் உண்டு.

"முப்பத்தஞ்சு ஆச்சே, இன்னும் மேனேஜர் ஆகலையாப்பா?" என்று கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்பதற்காக இந்த வேலைக்கு வராதீர்கள். அவர் அடுத்த கல்யாணத்தில் வேறு ஏதாவது கேட்பார்.

படி 1: எந்த வேலை என்று தீர்மானியுங்கள்

வேலை விளம்பரங்களில் நான்கு பெயர்கள் கலந்து கிடக்கும்.

• ப்ராஜெக்ட் மேனேஜர்: வேலையின் எல்லை, தேதி, செலவு மூன்றுக்கும் பதில் சொல்பவர்.
• ஸ்க்ரம் மாஸ்டர்: டீமின் வேலைமுறையைச் சீராக வைத்து, தடைகளை நீக்குபவர். பட்ஜெட் பெரும்பாலும் இவர் கையில் இருக்காது.
• டெலிவரி மேனேஜர்: பல ப்ராஜெக்டுகளையும் ஒரு அக்கவுண்டின் லாப நட்டத்தையும் பார்ப்பவர். இது முதல் தாவலில் எட்டாது.
• ப்ராடக்ட் மேனேஜர்: எதைச் செய்வது, ஏன் செய்வது என்று முடிவெடுப்பவர். இது வேறு தொழில். இந்த அத்தியாயத்தில் இடமில்லை.

சேவை நிறுவனத்தில் இருப்பவருக்கு என் பரிந்துரை: அதே நிறுவனத்தில், அதே க்ளையன்டிடம், ப்ராஜெக்ட் லீட் அல்லது ப்ராஜெக்ட் மேனேஜர். வங்கி மென்பொருளில் ஆறு ஆண்டு இருந்தவருக்கு வங்கிக்காரர்கள் பேசும் மொழி தெரியும், அங்கே யாரைக் கேட்டால் வேலை நடக்கும் என்பதும் தெரியும். நிறுவனத்தையும் பொறுப்பையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இந்த இரண்டு முதலீடுகளும் போய்விடும். முதலில் பொறுப்பை மாற்றுங்கள். ஓராண்டு, இரண்டாண்டு கழித்து நிறுவனத்தை மாற்றலாம்.

படி 2: யாரும் விரும்பாத வேலைகளைக் கேட்டு வாங்குங்கள்

எல்லா டீமிலும் மேனேஜர் வேலையின் சில துண்டுகள் அனாதையாகக் கிடக்கும். அவற்றை இந்த வரிசையில் எடுங்கள்.

1. மினிட்ஸ். கூட்டம் முடிந்த அன்றே அனுப்புங்கள். யார் என்ன பேசினார் என்று எழுத வேண்டாம். எடுத்த முடிவு, செய்ய வேண்டிய வேலை, ஒரு பெயர், ஒரு தேதி. இந்த நான்கும் போதும். 'டீம் பார்த்துக்கொள்ளும்' என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான்.

2. ரெய்ட் லாக். வரக்கூடிய ஆபத்து, நம்பிக்கொண்டிருக்கும் அனுமானம், வந்துவிட்ட சிக்கல், பிறரைச் சார்ந்த வேலை ஆகிய நான்குக்கும் ஓர் எக்செல் பட்டியல். ஆபத்தையும் சிக்கலையும் குழப்பாதீர்கள். 'டேட்டாபேஸ் தெரிந்த ஒரே ஆள் ராஜினாமா செய்யக்கூடும்' என்பது ஆபத்து. அவர் ராஜினாமா கொடுத்துவிட்டார் என்றால் அது சிக்கல். முதலாவதற்கு இன்று செய்யக்கூடிய வேலை உண்டு: இன்னொருவரை அவரோடு உட்கார வைப்பது.

3. லீவு காலண்டர். சிரிக்காதீர்கள். பொங்கல் வாரத்தில் யூஏடி வைத்துவிட்டு, தீபாவளிக்கு முந்தின நாள் ரிலீஸ் வைத்துவிட்டு விழிக்கும் ப்ராஜெக்டுகள் உண்டு. அமெரிக்க, பிரிட்டிஷ் சில்லறை வணிக நிறுவனங்களும் வங்கிகளும் கிறிஸ்துமஸை ஒட்டி சேஞ்ச் ஃப்ரீஸ் போடுவது வழக்கம். அந்த வாரங்களில் அவர்களின் சர்வரில் எதையும் மாற்ற முடியாது. இரண்டு பக்க விடுமுறையையும் ஒரே தாளில் போட்டவர்தான் தேதியைப் பற்றிப் பேச முடியும்.

4. ரிலீஸ் ஒருங்கிணைப்பு. இதுதான் உண்மையான பயிற்சிக்களம். கோ-லைவ் இரவுக்கு ஒரு ரன்புக் எழுதுங்கள்: எந்த நேரத்தில் எந்த வேலை, யார் செய்வார், முடிந்ததை யாரிடம் சொல்வார், எங்கே சரிபார்ப்பது.

பாதுகாப்புக் குறிப்பு: ரன்புக்கில் பின்வாங்கும் நேரத்தை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். 'அதிகாலை 3 மணிக்குள் சரிபார்ப்பு முடியாவிட்டால் பழைய வெர்ஷனுக்குத் திரும்புவோம். முடிவெடுப்பவர் இன்னார்' என்ற ஒரு வரி. இரவு இரண்டரை மணிக்குக் களைத்த மூளைகளை வைத்து அந்த முடிவை எடுக்கக் கூடாது. இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று சொல்லும் டெவலப்பர் அங்கே கட்டாயம் இருப்பார். போன ரிலீஸ் வரை அது நீங்களாகவே இருந்திருக்கலாம். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒருமுறை மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இவற்றை எப்படிக் கேட்பது? "எனக்கு மேனேஜர் ஆகணும்" என்று ஆரம்பித்தால் உங்கள் மேனேஜர் காதில் அது 'உங்கள் இடம் வேண்டும்' என்று விழலாம். அல்லது அடுத்த அப்ரைசலில் பேசலாம் என்று தள்ளிவிடுவார். வேலையைக் கேளுங்கள்:

"அடுத்த ரிலீஸோட கோஆர்டினேஷனை நான் பார்த்துக்கட்டுமா? என் கோடிங் வேலையில கால்வாசி குறைச்சா போதும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கத்துல நிலவரம் அனுப்புறேன். சரியா வரலைன்னா அதுக்கடுத்த ரிலீஸ்ல பழையபடி பண்ணிக்கலாம்."

இதில் கேட்பது சிறியது, அளவு தெரிகிறது, திரும்பும் வழியும் இருக்கிறது. அந்தக் 'கால்வாசி குறைச்சா' என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். முழுக் கோடிங் வேலையையும் வைத்துக்கொண்டு இதையும் தலையில் ஏற்றிக்கொண்டவர் மூன்றாம் மாதம் இரண்டிலும் கெட்ட பெயர் வாங்குவார்.

படி 3: உங்கள் கையில் இல்லாத வேலையைத் தேடுங்கள்

டெக்னிக்கல் ஆளின் கண் தன் டீமுக்குள்ளேயே சுற்றும். மேனேஜரின் கண் வெளியே போக வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துவிட்டால் மற்றவை தானாக வரும் என்பது என் எண்ணம். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மருந்துக்கடை நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளைப் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. புதிய சர்வரை அமைத்தல்: 5 நாள்.
2. பழைய டேட்டாவைச் சுத்தம் செய்தல்: 10 நாள்.
3. டேட்டாவைப் புதிய இடத்துக்கு மாற்றுதல்: 6 நாள். (1, 2 இரண்டும் முடிந்த பிறகே.)
4. ஜிஎஸ்டி பில் வடிவத்தைத் திருத்துதல்: 8 நாள்.
5. யூஏடி: 7 நாள். (3, 4 இரண்டும் முடிந்த பிறகே.)

1, 2, 4 மூன்றும் ஒரே நாளில் தொடங்கலாம். சர்வர் வழியில் போனால் 5+6+7, 18 நாள். ஜிஎஸ்டி வழியில் 8+7, 15 நாள். டேட்டா சுத்தம் வழியில் 10+6+7, 23 நாள். மிக நீளமான இந்த 23 நாள் வழிதான் க்ரிட்டிக்கல் பாத். 1950களின் கடைசியில் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான முறை இது. இதற்குமேல் கோட்பாடு தேவையில்லை.

இப்போது என்ன தெரிகிறது? ஜிஎஸ்டி வேலை 8 நாள் தள்ளினாலும் கடைசித் தேதி அசையாது. சர்வருக்கு 5 நாள் இடைவெளி இருக்கிறது. டேட்டா சுத்தம் ஒரு நாள் தள்ளினால் எல்லாமே ஒரு நாள் தள்ளும். அந்த வேலையை யார் செய்ய வேண்டும்? உங்கள் டீம் அல்ல. ஒரே மருந்து மூன்று பெயரில் பதிவாகியிருந்தால் எது சரி என்று க்ளையன்டின் ஸ்டோர் ஊழியருக்குத்தான் தெரியும். அவருக்கோ கடையில் தினசரி வேலை இருக்கிறது; உங்கள் ப்ராஜெக்ட் அவர் கவலை அல்ல. டெக்னிக்கல் லீட் முதல் வாரம் சர்வர் அமைப்பில் மூழ்கியிருப்பார். மேனேஜர் முதல் நாளே அந்த ஸ்டோர் ஊழியரின் மேலதிகாரியை அழைத்து, தினம் இரண்டு மணி நேரம் அவரை இதற்கு விட முடியுமா என்று கேட்டிருப்பார்.

உங்கள் இப்போதைய ப்ராஜெக்டுக்கு இதே கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். எம்எஸ் ப்ராஜெக்டும் ஜிராவும் பிறகு கற்கலாம்.

நாட்களை எப்படி வாங்குவது

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று ஒற்றை எண் கேட்டால் நம்பிக்கையான எண் வரும், அல்லது பயந்து ஊதிய எண் வரும். மூன்றாகக் கேளுங்கள்: எல்லாம் நன்றாகப் போனால்? வழக்கமாக? எல்லாம் சொதப்பினால்? நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். 4, 6, 14 என்றால் 4+24+14, அதாவது 42. ஆறால் வகுத்தால் 7 நாள். அதைவிட முக்கியம் அந்த 14 எங்கிருந்து வந்தது என்று கேட்பது. "ஃபயர்வால் அனுமதி கிடைக்க ஒரு வாரம் ஆகலாம்" என்று பதில் வரும். அது நேரே ரெய்ட் லாக்கில் ஏறட்டும்.

அடிக்கடி நேரும் தவறுகள்:

• தன் வேகத்தை அளவாக வைப்பது. நீங்கள் இரண்டு நாளில் முடிப்பதைப் புதிதாகச் சேர்ந்தவர் ஐந்து நாளில் முடிப்பார். திட்டத்தில் அவர் பெயர் இருந்தால் ஐந்து நாள்தான் கணக்கு.
• கூட்டத்தில் வைத்தே தேதி சொல்வது. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தேதியோட வர்றேன்" என்பது முழுமையான பதில். வாய்தவறிச் சொன்ன தேதி, யாரோ ஒருவரின் பிரசன்டேஷனில் ஏறிவிடும்.
• ஒவ்வொரு வேலைக்குள்ளும் ரகசியமாக நாட்களை ஒளித்துவைப்பது. இடைவெளி வேண்டுமென்றால் கடைசியில் வெளிப்படையாக வையுங்கள், காரணத்தோடு.
• 'சின்ன மாற்றம்தான்' என்று க்ளையன்ட் கேட்பதை அங்கேயே ஒப்புக்கொள்வது. கோடு அரை மணி நேரம் என்பது உண்மையாக இருக்கலாம். டெஸ்டிங், ஆவணம், ரிலீஸ் எல்லாம் சேர்ந்தால் அது இரண்டு நாள். எழுதி வாங்குங்கள், தேதிக்கும் செலவுக்கும் என்ன ஆகும் என்று எழுதிக் கொடுங்கள், ஒப்புதல் வந்த பின் செய்யுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் சேஞ்ச் ரெக்வெஸ்ட்டாகப் பதிவு செய்துவிட்டுக் கொடுங்கள்.

படி 4: நிலவரம் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்

மேலிடத்துக்கு உங்களைத் தெரிவது ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் வழியாகத்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போடும் வழக்கம் பெரும்பாலான நிறுவனங்களில் உண்டு. வாரா வாரம் பச்சை காட்டி, கோ-லைவுக்கு முந்தின வாரம் திடீரெனச் சிவப்பாகும் ப்ராஜெக்டுக்குத் துறையில் தர்பூசணி என்றே பெயர்.

தவறான வரி: 'டேட்டா மைக்ரேஷன் நடந்துகொண்டிருக்கிறது. 90 சதவீதம் முடிந்தது.'

சரியான வரி: '12 டேபிள்களில் 9 மாற்றிச் சரிபார்த்தாயிற்று. மீதி 3-க்கு க்ளையன்டின் ஸ்டாக் பட்டியல் வர வேண்டும். புதன் மாலைக்குள் வராவிட்டால் வெள்ளிக்கிழமை யூஏடி தொடங்காது. இதற்கு அவர்களின் ஐடி மேலாளரிடம் நீங்கள் ஒருமுறை பேச வேண்டும்.'

இரண்டாவதில் எண்ணக்கூடிய பொருள் இருக்கிறது, விளைவு இருக்கிறது, படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. சதவீதத்தை நம்பாதீர்கள், முடிந்தது, முடியவில்லை, இரண்டே நிலைதான்.

கெட்ட செய்தி சொல்லும் வரிசை:

1. சம்பந்தப்பட்டவரிடம் முதலில் நேரிலோ போனிலோ பேசுங்கள்.
2. பேசியதை அன்றே சுருக்கமாக மின்னஞ்சலில் போடுங்கள்.
3. சொன்ன தேதியில் நடக்கவில்லை என்றால், மேலே கொண்டுபோகப் போவதாக அவரிடமே சொல்லுங்கள்.
4. அதன் பிறகு எஸ்கலேட் செய்யுங்கள்.

முதல் மின்னஞ்சலிலேயே அவருடைய மேலதிகாரியை சிசி-யில் போடுபவருக்கு அந்த வேலை ஒருமுறை நடக்கும். அடுத்த முறை நடக்காது.

படி 5: கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்

டெக்னிக்கல் ஆட்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு பிழை கிடக்கிறது, டெவலப்பர் திணறுகிறார், உங்களுக்கு இருபது நிமிட வேலை. செய்துவிடத் தோன்றும். செய்தால் அந்த டெவலப்பர் கற்க மாட்டார், அடுத்த பிழைக்கும் உங்களிடமே வருவார், அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் க்ளையன்டிடம் பேசியிருக்க வேண்டிய பேச்சு நடக்காமல் போகும்.

எனக்குச் சரியாகத் தெரியும் விதி இதுதான்: கோடு ரிவ்யூ செய்யலாம், டிசைன் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், க்ரிட்டிக்கல் பாத்தில் இருக்கும் எந்தக் கோடும் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. ரிவ்யூவையும் விட்டுவிடாதீர்கள். தொழில்நுட்பம் முழுதாகத் துருப்பிடித்த மேனேஜரை டீம் எளிதாக ஏமாற்றும்.

நேற்று வரை உடன் டீ குடித்தவர்களிடம் இன்று வேலை கேட்பது சங்கடம்தான். மூன்று குறிப்புகள்:

• "ஆல்மோஸ்ட் முடிஞ்சிடுச்சு ப்ரோ" என்று வந்தால் கோபப்படாமல், "சரி, என்ன மிச்சம் இருக்கு? யார்கிட்டேயிருந்தாவது ஏதாவது வரணுமா?" என்று கேளுங்கள். பாதி நேரம் இரண்டாம் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும்.
• உங்களைவிட அனுபவத்தில் மூத்தவர் டீமில் இருந்தால், அறிவிப்பு வரும் முன் அவரிடம் தனியாகப் பேசுங்கள். "டிசைன் விஷயத்துல உங்க முடிவுதான். தேதியையும் க்ளையன்டையும் நான் பார்த்துக்கிறேன்" என்று எல்லையைப் பிரித்துச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.
• கண்டிப்பதைத் தனியறையில் செய்யுங்கள். பாராட்டை மினிட்ஸில் பெயரோடு எழுதுங்கள்.

ப்ராஜெக்ட் தாமதமானால் மேலிடம் "இன்னும் ரெண்டு பேரைத் தர்றேன்" என்று சொல்லும். உடனே தலையாட்டாதீர்கள். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 அனுபவத்திலிருந்து ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இல் எழுதிய 'தி மிதிக்கல் மேன்-மந்த்' இந்த ஆபத்தைப் பற்றியதுதான்: தாமதமான மென்பொருள் வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். 5 பேர் டீமில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் இணைப்புகள் 10. 10 பேராக்கினால் 45. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது ஏற்கெனவே தாமதத்தில் தவிக்கும் பழைய ஆள்தான். ஆளுக்குப் பதிலாக முதலில் எல்லையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மருந்துக்கடை எடுத்துக்காட்டில் எல்லாக் கிளைகளும் ஒரே நாளில் மாற வேண்டியதில்லை. இரண்டு கிளைகளோடு தொடங்கலாம்.

படி 6: இப்போது சான்றிதழ்

இரண்டு மூன்று ரிலீஸ்களை நடத்திய பின் சான்றிதழுக்குப் படித்தால், பாடம் உங்களுக்கு ஏற்கெனவே நடந்ததைப் பற்றியதாக இருக்கும்.

பிஎம்பி: அமெரிக்காவின் பிஎம்ஐ அமைப்பு 1984 முதல் தரும் சான்றிதழ். நான்காண்டுப் பட்டம் இருந்தால் ப்ராஜெக்டுகளை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் தேவை. டிப்ளமோ என்றால் 60 மாதம். மேனேஜர் என்ற பதவிப் பெயர் வேண்டும் என்று கட்டாயமில்லை. வழிநடத்திய வேலை வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு ப்ராஜெக்டுகளைப் பார்த்திருந்தாலும் அது ஒரு மாதம்தான். தேர்வில் 180 கேள்விகள். தேறிய பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 பிடியூ (தொழில் மேம்பாட்டு அலகு) சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். மூன்றாண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்கள் தாங்கள் எந்தப் பிரிவில் வருவார்கள் என்று பிஎம்ஐ-யிடமே எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். விதிகள் மாறுவதுண்டு, எல்லோருமே அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சிஏபிஎம்: அதே பிஎம்ஐ தருவது. அனுபவம் தேவையில்லை, 23 மணி நேரப் பயிற்சி, 150 கேள்விகள். ஆறேழு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு இதனால் பெரிய பயனில்லை.

ஸ்க்ரம் சான்றிதழ்கள்: சிஎஸ்எம்-க்குப் பயிற்சி வகுப்பு கட்டாயம். பிஎஸ்எம் 1-க்கு வகுப்பு தேவையில்லை. 60 நிமிடத்தில் 80 கேள்விகள், 85 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பணம் குறைவாக இருப்பவர் சொந்தமாகப் படித்து இதை எழுதலாம்.

ப்ரின்ஸ்2: பிரிட்டிஷ் அரசுத் துறையில் உருவான முறை. பிரிட்டன், ஐரோப்பிய க்ளையன்டுகளோடு வேலை செய்பவர் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அவசரமில்லை.

ஒரு சான்றிதழ் போதும். ரெஸ்யூமேயில் ஐந்து சான்றிதழும் ஒரு ப்ராஜெக்டும் இருந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

படி 7: ரெஸ்யூமேயும் நேர்காணலும்

முதலில் உங்கள் நிறுவனத்தின் இன்டர்னல் ஜாப் போஸ்டிங் பக்கத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ரெஸ்யூமேயில் ஜாவா, ஆரக்கிள், ஏடபிள்யூஎஸ் என்று நீளும் பட்டியலை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுங்கள். 'பேமெண்ட் மாட்யூலை உருவாக்கினேன்' என்ற வரிக்குப் பதிலாக, எத்தனை பேர், எத்தனை மாதம், யாரையெல்லாம் சார்ந்த வேலை, சொன்ன தேதியில் முடிந்ததா, முடியாவிட்டால் ஏன் என்று எழுதுங்கள். எண்கள் உண்மையாக இருக்கட்டும், நேர்காணலில் தோண்டுவார்கள்.

தாமதமான ஒரு ப்ராஜெக்ட், எல்லைக்கு வெளியே கேட்ட ஒரு க்ளையன்ட், சரியாக வேலை செய்யாத ஒரு டீம் உறுப்பினர். இந்த மூன்றையும் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைத் தயாராக வைத்திருங்கள். டெக்னிக்கல் காரணத்தை ஐந்து நிமிடம் விளக்காதீர்கள். யாரிடம் பேசினீர்கள், என்ன முடிவெடுத்தீர்கள், விளைவு என்ன. அதைத்தான் அவர் குறித்துக்கொள்வார்.

பாதுகாப்பு: மாறும்போது கவனிக்க வேண்டியவை

1. அனுபவத்தைப் போலியாகக் காட்டாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு அனுபவக் கடிதம் தருகிறோம் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணிலேயே எங்கே, எப்போது வேலை செய்தீர்கள் என்ற வரலாறு இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பில் அது வெளியே வரும். பிஎம்பி விண்ணப்பத்திலும் சிலரைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்வார்கள். பட்டச் சான்றும், அனுபவத்துக்கு மேலதிகாரியின் உறுதியும் கேட்பார்கள்.

2. 'பணம் கட்டினால் தேர்ச்சி உறுதி, உங்களுக்குப் பதில் நாங்களே எழுதுகிறோம்' என்ற விளம்பரங்களிடமிருந்து விலகி நில்லுங்கள். பிடிபட்டால் சான்றிதழும் போகும், வேலையும் போகலாம்.

3. க்ளையன்டின் திட்ட ஆவணங்களை, நேர்காணலில் காட்டலாம் என்று சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். இது ரகசிய ஒப்பந்தத்தை மீறுவது. மாதிரி வேண்டுமென்றால் கற்பனை எண்களோடு புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

4. அதிகாரம் இல்லாத பொறுப்பை எழுத்தில் ஏற்காதீர்கள். பட்ஜெட்டும் ஆட்களும் வேறொருவர் கையில் இருக்க, தேதிக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்வது என்றால், யார் எதை முடிவு செய்வார் என்று முதல் வாரத்திலேயே ஒரு மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. புதிய சம்பளத்தில் வேரியபிள் பே எவ்வளவு என்று பாருங்கள். மேனேஜர் நிலையில் அது கூடுதலாக இருப்பது வழக்கம். மாதம் கையில் வரும் தொகை குறையக்கூடும். வீட்டுக்கடன் தவணை இருப்பவர் இதை முதலில் கணக்குப் போடட்டும்.

6. நிறுவனம் மாறுவதாக இருந்தால், தொடர்பணி 5 ஆண்டை நெருங்குகிறதா என்று பாருங்கள். கிராஜுவிட்டி கிடைக்க வழக்கமான நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு தொடர்பணி வேண்டும். இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் கணிசமான தொகை கையில் நிற்கும்.

7. நோட்டீஸ் காலம் ஐடி நிறுவனங்களில் 60 முதல் 90 நாள் வரை இருக்கும். புதிய இடம் அவ்வளவு காத்திருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். "சீக்கிரம் வந்துடுங்க, லெட்டர் அப்புறம் தர்றோம்" என்று எச்ஆர் தொலைபேசியில் சொல்வது ஆஃபர் ஆகாது. பதவிப் பெயர், சம்பளம், சேரும் தேதி மூன்றும் எழுதிய ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை ராஜினாமா மின்னஞ்சலை அனுப்பாதீர்கள்.